கணுக்கால் ஆணிக்குக் கீழே ஒரு கோடு

“உது உதில வெடிக்கும் பிள்ளை.”

என் புதுப் பனிச்சறுக்குச் சப்பாத்தைப் பார்த்து அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சாப்பாட்டு மேசையில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் சப்பாத்து வைத்ததற்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றைத் தூக்கி யன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். அந்தச் சப்பாத்தின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் கணுக்கால் பக்கத்தில் ஓர் உலோக ஆணி இணைக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே பெருவிரலை வைத்துத் தடவினார்.

“இதில ஒரு லைன் ஓடுது, தெரியுதே?”

“எனக்கொண்டும் தெரியேல்லை.”

“கண்ணால பாக்காத, விரலால பார். ஓட்டை இருக்கிற இடத்தில பிளாஸ்டிக் ரெண்டாப் பிரிஞ்சு போய்…”

“அம்மா, இது உங்கட வாளி மூடி இல்லை. இத்தாலியில செய்தது.”

“இத்தாலியில செய்தா என்ன, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே.” மற்றச் சப்பாத்தையும் எடுத்துத் தடவினார். “இதிலயும் கிடக்கு. இதில கொஞ்சம் குறைவு.”

“ரெண்டு வருச வொரண்டி இருக்கு,” என்றேன். வொரண்டி என்றால் என்னவென்று விளக்கவும் தொடங்கினேன். ஏதாவது பிழைத்தால் செய்தவனே பொறுப்பு, திருத்தித் தருவான் அல்லது புதிதாகத் தருவான் என்றேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, “சரி, அப்ப மேசையால எடு. சோறு போடவேணும்,” என்றார்.

நான் சொன்னதை அவர் முடிக்க விட்டார். அவர் சொல்ல வந்ததை நான் முடிக்க விடவில்லை.

அம்மா பத்தொன்பது வருடம் கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாளி, மூடி, காருக்குள் போகும் சின்னச் சின்னத் துண்டுகள் எல்லாம் இயந்திரத்திலிருந்து சூட்டோடு வந்து விழும். பிசிறை வெட்டி, திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டிக்குள்ளும் பிழையை இன்னொரு பெட்டிக்குள்ளும் போடவேண்டும். பிழை எங்கே இருக்கிறது என்று சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுத்தான் போடவேண்டும். அந்த வேலையில் வலது மணிக்கட்டு போய்விட்டது. இப்போது அவரால் தேங்காய் துருவ முடியாது. கதவுக் குமிழைத் திருப்பவும் இடது கையைத்தான் கொடுப்பார்.

யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அவர் டிரக் ஓடுகிறார். கிழமையில் ஐந்து நாள் எங்காவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலைத் திறந்தால் நேரே மாடிப்படி. அம்மா தபாலை எடுத்துவந்து மூன்றாம் படியில் வைப்பார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் அந்தப் படியிலேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாக உடைத்து, இது மின்சாரம், இது வரி, இது குப்பை என்று சொல்வேன். குடியுரிமைப் பரீட்சைக்கான கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா படிக்குக் கீழே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் என்னை வளர்த்தது என்று நினைக்கிறேன். அது என்னைக் கெடுத்ததும் உண்டு.

பிறகு வேலையும் அதே மாதிரி ஒன்றாகவே கிடைத்தது. மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகம். சனங்கள் இழப்பீடு கேட்டு அனுப்புவதை வாசித்து, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று கடிதம் எழுதவேண்டும். இல்லை என்று எழுதுவதில் நான் கெட்டிக்காரி. ஆள் கோபப்படாதபடி, ஆனால் திரும்பக் கேட்கவும் முடியாதபடி எழுதுவேன்.

அந்த அலுவலகத்தில்தான் ஸ்கீ பிடித்தது. திங்கட்கிழமைகளில் என் பிரிவில் இருந்த நாலு பேர் கோப்பி இயந்திரத்தடியில் நின்று மலைக் கதை கதைப்பார்கள். லிப்டில் ஏறிப்போய் வழுக்கிக்கொண்டு வரும் ஸ்கீ அல்ல அது. ஸ்கீக்கு அடியில் வழுக்காத பட்டி ஒட்டி, காட்டுப் பனியில் தாங்களே மணிக்கணக்காக ஏறி, உச்சியில் பட்டியை உரித்துவிட்டு இறங்குவது. ஏறும்போது சப்பாத்தின் குதி ஸ்கீயிலிருந்து கழன்று நிற்கும், கணுக்கால் மடங்கும். இறங்கும்போது இரண்டையும் பூட்டிவிடுவார்கள். நடக்கவும் வேண்டும், அசையாமல் நிற்கவும் வேண்டும். அந்தப் பாரம் முழுவதையும் கணுக்காலில் இருக்கும் அந்த ஆணிதான் தாங்குகிறது.

அவர்களுக்கெல்லாம் அப்பாமார் மூன்று வயதில் ஸ்கீ கட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு இருபத்தைந்து. விழுந்து விழுந்து பழகினேன். வாடகைச் சப்பாத்தோடு ஒரு பருவம் ஓட்டிவிட்டு, பார்க்டேல் பக்கம் ஒரு சின்னக் கடையில் சொந்தமாக ஒரு சோடி வாங்கினேன். விலையை அம்மாவுக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் பில்லைத் தரும்போது, “இதைக் கவனமாக வைத்திரும். இது இல்லாமல் வொரண்டி இல்லை,” என்றார். வீட்டுக்கு வந்து அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு நானும் அம்மாவிடம் சொன்னேன்:

“இதை எடுத்துக்கிடுத்துப் போடாதேங்கோ. இந்தத் துண்டு போனா எல்லாம் போச்சு.”

எங்கள் வீட்டில் அப்படியொரு வசனத்தை யோசிக்காமல் சொல்லியிருக்கக்கூடாது.

அம்மாவிடம் ஒரு லாமினேட் மெஷின் இருக்கிறது. மற்ற வீட்டுக்காரர் றைஸ் குக்கரை வைத்திருக்கும் கவனத்தோடு அதை வைத்திருக்கிறார். ஊரில் ஓடித்திரிந்தபோது அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் நனைந்து, மை கரைந்து, வெறும் நீலத் தாளாகிவிட்டது. தான் யார் என்று காட்ட அவர் பட்ட பாடு எனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம், கனடாவில் முதல் வாங்கிய பொருட்களில் அந்த மெஷினும் ஒன்று என்பதுதான். எங்களுடைய தடுப்பூசி அட்டை, அப்பாவின் முதல் டிரைவிங் சான்றிதழ், நான் ஒன்றாம் வகுப்பில் வாங்கிய ‘இவ்வாரத்தின் நட்சத்திரம்’ எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக, ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் இருக்கின்றன. என் பட்டத்தையும் கேட்டார். “அம்மா, பட்டத்தை ஒருத்தரும் லாமினேட் பண்ணுறதில்லை,” என்று சட்டம் போட்டு மாட்டினேன். அதில் அவருக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. “கண்ணாடி உடைஞ்சா?” என்பார்.

சப்பாத்து வாங்கி இரண்டாவது பனிக்காலம், பெப்ரவரியில், அலுவலக நாலு பேரோடு கியூபெக் மலைக்குப் போனேன். ஏறத் தொடங்கி மூன்றாவது மணித்தியாலம் வலது காலுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். குச்சி முறிந்ததாக்கும் என்று நினைத்தேன். இன்னும் பத்து எட்டு வைத்ததும் கணுக்கால் பக்கவாட்டில் சரிந்தது. குனிந்து பனியைத் தட்டினேன். ஆணிக்குக் கீழே, விரல் நீளத்துக்கு, நேராக வெடித்திருந்தது. கத்தியால் கோடு கிழித்ததுபோல.

எங்கள் குழுவில் மூத்த பெண் ஒருத்தி தன் பையிலிருந்த ரப்பர் பட்டிகளால் அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். “நடக்கிறதுதான். வொரண்டியில் போடு,” என்றாள். எல்லோரும் எனக்காக நின்று நின்று இறங்கினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் உச்சிக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தது நான் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

ரொறொன்ரோவுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் விரல் அந்த வெடிப்பில் இருந்தது. அம்மா விரல் வைத்த அதே இடம்.

வீட்டுக்கு வந்து அதை அவருக்குச் சொல்லவில்லை. களைப்பு என்றேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பில்லைத் தேடினேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. மேசையில் அம்மாவும், மூன்று வீடு தள்ளியிருக்கும் அன்ரியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி அம்மாவோடு ஒரே இயந்திரத்தில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவர். வாயில் எப்போதும் ஒரு பகிடி இருக்கும்.

“அம்மா, இதில இருந்த பில் எங்க?”

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். “பத்திரமா வைச்சிருக்கிறன்,” என்றார். எழும்பிப் போய்ப் பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். எல்லாத் தாள்களுக்கும் அடியிலிருந்து ஒன்றை உருவினார். உள்ளங்கை அகலத்தில், ஓரமெல்லாம் ஒழுங்காக வெட்டி, வழுவழுவென்று லாமினேட் பண்ணப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தாள் முழுக்கக் கறுப்பு. ஒரு எழுத்து இல்லை.

கடைப் பில் மையால் அச்சடிக்கப்படுவதில்லை. சூட்டால்தான் எழுத்து விழுகிறது. மெஷினின் சூடு பட்டதும் தாள் முழுவதும் எழுத்தாகிவிட்டது.

“போட்ட உடனயே கறுத்துப்போச்சு,” என்றார் அம்மா. “உனக்குச் சொல்லப் பயமா இருந்தது.”

அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, அப்பளம் பொரிச்ச மாதிரிக் கருக்கிப்போட்டியள்!” என்று சிரித்தார். நிலைமையை இலேசாக்கத்தான் அப்படிச் சொன்னார். நானும் அதோடு சிரித்திருக்கலாம்.

“படிக்காத ஆக்களிட்ட ஒரு கடதாசியைக் குடுத்தா இப்பிடித்தான் நடக்கும்,” என்றேன்.

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடக் கோபத்தில் சொன்னது என்று ஒரு சாட்டு இருந்திருக்கும். அலுவலகத்தில் எழுதும் வசனம் மாதிரி, அமைதியாக, திரும்பக் கேட்க முடியாதபடி சொன்னேன்.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்?” என்றார் அன்ரி. அந்தக் குரலில் பகிடி இல்லை.

அம்மா அன்ரியின் கையை மெல்லத் தட்டினார். “விடு, அவள் சொல்லுறது உண்மைதானே,” என்று சொல்லிவிட்டு, குடித்து முடிக்காத தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு கோப்பை கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. முதலில் நான் கவனிக்கவேயில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. சப்பாத்து வாங்கிய கடைக்குப் போனேன். கோடையிலேயே மூடிவிட்டிருந்தார்கள், அந்த இடத்தில் பபிள் ரீ விற்றார்கள். வங்கியின் கடனட்டைக் கணக்கில் கடையின் பெயரும் தொகையும் இருந்தன, என்ன பொருள் என்று இல்லை. பில்லைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி மற்றவர்களுக்கு மாதத்துக்குப் பத்துத் தடவை எழுதுகிறவள் நான். எனக்கென்று ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. அந்தக் கறுப்புத் தாளில் என் பங்கு எவ்வளவு என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

செய்த நிறுவனத்தின் கனடாக் கிளைக்கு, சப்பாத்தின் அடியில் இருந்த தொடர் இலக்கத்தையும் வெடிப்பின் படங்களையும் அனுப்பினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. வாங்கியதற்கான சான்று போதாது என்றும், அதை விட்டுப் பார்த்தாலும் “படங்களில் தெரியும் சேதம் வெளிப்புற மோதலால் ஏற்பட்ட சேதத்துக்கு ஒத்ததாக உள்ளது” என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். ‘ஏற்பட்டது’ என்று சொல்வதில்லை, ‘ஒத்ததாக உள்ளது’ என்றுதான் சொல்வது. அதை நானே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! வாங்கிப் படிக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். ஓர் இளைஞன் மரியாதையாகப் பேசினான்.

“பாறையில் எதிலும் அடிபடவில்லை,” என்றேன்.

“நீங்கள் அப்படிச் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் செய்யும்போதே இருந்த பிழை என்று காட்ட ஏதாவது இருக்கிறதா?”

அம்மா சொன்னது வாய்வரை வந்தது. என்னவென்று சொல்வது? என் அம்மா விரலால் தடவிப் பார்த்தவர் என்றா? வாளி மூடி பார்த்தவர் என்றா? “இல்லை,” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ‘இல்லை’யையும் நான் மறக்கவில்லை.

அந்தக் கிழமை பஸ் தரிப்பில் அன்ரியைக் கண்டேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

“அம்மாவின்ர கைக்கு இனி எப்பவாம் டேற் குடுத்திருக்கிறாங்கள்?” என்று கேட்டார்.

“என்ன டேற்?”

அன்ரி என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். “உனக்குத் தெரியாதே?”

மணிக்கட்டுக்கு ஒரு சிறப்பு வைத்தியரைப் பார்க்க அம்மா பத்து மாதமாகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். படிவம் நிரப்பியது நான்தான். நாள் குறித்துக் கடிதம் வந்தது எனக்குத் தெரியாது. அம்மா அதைத் தானே உடைத்துப் பார்த்திருக்கிறார். திகதியும் நேரமும் அவருக்கு வாசிக்கத் தெரியும். அதற்குக் கீழே இரண்டு வரி, ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் அழைத்து உறுதிசெய்யாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று. அது அவருக்கு விளங்கவில்லை. விளங்காதது இருக்கிறதென்றே தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி, அரைமணி முன்னதாகப் போய், நல்ல ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

“நான் கேட்டனான், பிள்ளையிட்டக் காட்டியிருக்கலாமே எண்டு,” என்றார் அன்ரி. “‘அவளுக்கு என்னால கரைச்சல் வேண்டாம்’ எண்டவ.”

பஸ் வந்தது. அன்ரி ஏறினார். நான் ஏறவில்லை, அடுத்ததில் வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மூன்றாம் படியைத்தான் பார்த்தேன். பீட்சாக் கடை விளம்பரம் ஒன்று இருந்தது. யோசித்துப் பார்த்தேன்: அந்த ஞாயிறுக்குப் பிறகு அந்தப் படியில் ஒரு கடிதம்கூட இருக்கவில்லை. விளம்பரங்கள் மட்டும் இருந்தன. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று அவற்றை வைத்திருக்கிறார்.

அம்மா குசினியில் இடது கையால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் உள்ளே போனேன். “பசிக்குது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இவ்வளவு படித்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகமுன் இரண்டு சப்பாத்தையும் எடுத்துவந்து மூன்றாம் படியில் வைத்தேன். பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பதிலை அச்செடுத்து வைத்தேன். அம்மாவால் அதை வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் விளங்காத ஒன்றை விளங்குகிற ஆளுக்கு வைக்கும் இடம் அதுதான்.

ஒரு நாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் அம்மா படிக்கட்டுக்கு வக்கூம் பிடித்திருந்தார். மூன்றாம் படியில் சப்பாத்து நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் தூசி இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் வந்தபோது வெடிக்காத இடது சப்பாத்தில், ஆணிக்குக் கீழே, சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. கோணாத வட்டம். அந்தக் கையால் எப்படிப் போட்டாரோ தெரியாது.

அம்மா வரவேற்பறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் இருந்தேன்.

“பென்சில் எங்கால?”

“கடைசி நாள் ஏப்ரன் பொக்கற்றுக்குள்ள வந்திட்டுது. களவெண்டு ஆருக்கும் சொல்லிப்போடாத.”

“அடிபட்டு வெடிச்சதெண்டு எழுதியிருக்கிறாங்கள். அண்டைக்கு ஏதோ சொல்ல வந்தனீங்கள். பிளாஸ்டிக் ரெண்டாப் பிரியும் எண்டு.”

“நீதானே வாளி மூடி எண்டு நிப்பாட்டினனீ.” துவாயை மடித்து முடிக்கும்வரை காக்கவைத்தார். பிறகு சொன்னார்: “ஓட்டை வாற இடத்தில உருகின பிளாஸ்டிக் ரெண்டு பக்கத்தால சுத்திப் போய் மற்றப் பக்கம் சந்திக்கும். அச்சுச் சூடு காணாட்டி சந்திக்கிற இடத்தில ஒட்டாது, ஒட்டின மாதிரி நிக்கும். எங்களுக்கும் குளிர் நாளில முதல் ஐம்பது துண்டு அப்பிடித்தான் வரும். உதில அடிபட்டிருந்தா வெடிப்பு வளைஞ்சு போகும். இது நேரா லைனாலயே போயிருக்கு. வெடிக்காத காலிலயும் அதே இடத்தில லைன் கிடக்கு.”

போன் வெளிச்சத்தைச் சப்பாத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். கோடு ஒரு மெல்லிய நிழலாக எழும்பி வந்தது. ஒரு வருடமாக என் காலில் போட்டுத் திரிந்த ஒன்று. படம் எடுத்தேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனனீங்களாம்,” என்றேன், போனைப் பார்த்துக்கொண்டே.

“உன்ர அன்ரிக்கு வாய் கிடவாது.”

“ஏன் அம்மா என்னட்டத் தரேல்லை?”

“நம்பர் எனக்கு வாசிக்கத் தெரியும்தானே,” என்றார். கோபமில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை, என்னை அழவைக்கவும் பார்க்கவில்லை. மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். மூன்றாம் படியைத் தாண்டிப் போகும்போது அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதை ஏன் எனக்கு வைச்சனீ, ஒரு அறுப்பும் விளங்கேல்லை.”

மேன்முறையீட்டை முதலில் தமிழில் எழுதினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தொன்பது ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்த என் தாயார் இப்பிழையைச் சப்பாத்து வாங்கிய அன்றே கண்டார் என்று எழுதியிருந்தேன்.

“தரப் பரிசோதகரோ? அந்தச் சம்பளம் எனக்குத் தரேல்லையே. மெஷின்ல நிண்டவ எண்டு எழுது.”

“சரி.”

“கட்டாயம் வெடிக்கும் எண்டும் எழுதாத. வெடிக்கக்கூடிய இடம் எண்டு எழுது. எத்தினையோ லைன் வெடிக்காமலும் போயிருக்கு. பொய் சொன்னா மிச்சத்தையும் நம்பமாட்டினம்.”

இரண்டையும் திருத்தினேன். பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதினேன். கையொப்பம் வைக்கச் சொன்னபோது, “எனக்கென்னத்துக்கு?” என்றார், பிறகு இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக வைத்தார்.

இதெல்லாம் முடிந்து பதினொரு நாள். சிவப்பு வட்டத்தோடு இரண்டு சப்பாத்தும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பதில் இன்னும் இல்லை. பில் இல்லை என்ற ஒன்றுக்காகவே மறுக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்தால் மறுத்திருப்பேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். யாராவது வராவிட்டால் கூப்பிடும் பட்டியலில் அம்மாவின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், மற்றபடி கடைசியிலிருந்துதான். அம்மா இப்போதும் மாவு குழைக்கும்போது நடுவில் நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். நான் குழைக்கிறேன் என்றால், “உனக்குத் தண்ணி அளவு தெரியாது” என்கிறார். மூன்றாம் படியில் நேற்று ஒரு தபால் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், அப்பாவின் டிரக் சஞ்சிகை. அது எனக்கு வைத்ததில்லை.

அந்தக் கறுப்புத் தாளைத் திரும்பவும் பிஸ்கட் பேணிக்குள், தடுப்பூசி அட்டைகளோடு வைத்தேன். மேலே, பேணியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி.

மன்னிப்பை அம்மாவிடம் தனியாகக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “விடு பிள்ளை” என்பார். அதோடு எனக்குச் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ‘படிக்காத ஆக்கள்’ என்றதை நான் தனியாகச் சொல்லவில்லை. அவரோடு பத்தொன்பது வருடம் நின்று வேலை செய்தவரின் முன்னால், அம்மா போட்ட தேநீர் ஆறமுன் சொன்னேன்.

ஆகவே இன்று மத்தியானம், அலுவலகத்துக் கார்த் தரிப்பிடத்தில் நின்று, அன்ரிக்கு அழைத்தேன்.

“ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ அன்ரி. தேத்தண்ணிக்கு.”

“ஏன், என்ன விசேஷம்? கலியாணம் சரிவந்திட்டுதே?”

“இல்லை அன்ரி. அண்டைக்கு நீங்கள் இருக்கேக்க அம்மாவுக்கு ஒரு கதை சொன்னனான். அதை நீங்கள் இருக்கேக்கதான் திருப்பி எடுக்கவேணும்.”

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

“கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?”

“இல்லை.”

“சொல்லாத. சொன்னா அவ தலையிடி எண்டு போய்ப் படுத்திடுவா. மூண்டு மணிக்கு வாறன். ரோல்ஸ் நான் கொண்டு வாறன், நீ தேத்தண்ணி போடு.”

போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.